பிள்ளைகள் ஜெர்மன் பேசிவிடுவார்கள், நீங்கள்?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். கணவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பொறியாளர் வேலை, படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான நீல அட்டை விசா. யுகேஜி படிக்கும் மகளுக்கு ஐந்தே கால் வயது, மகனுக்குப் பதினான்கு மாதம். அவர் கேட்டிருப்பவை நான்கு. மொழி தெரியாத பள்ளியில் மகள் பின்தங்கிவிடுவாளா? இப்போதே வீட்டில் தமிழைக் குறைத்து ஆங்கிலமோ ஜெர்மனோ பேசத் தொடங்க வேண்டுமா? நான்கு ஆண்டில் திரும்பினால் படிப்பு கெட்டுவிடுமா? 'அங்கே அரசாங்கமே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்' என்று உறவினர்கள் பயமுறுத்துவது உண்மையா? இவற்றுக்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது: 'என் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன், பிள்ளைகளுக்காவது இது நல்லதாக அமையுமா?' உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற நான்குக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் சுற்றிச் சுற்றி இந்த வரிக்கே வந்து நிற்பேன்.

பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய, என்னைப் பற்றி இரண்டு வரி. ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஓர் ஊரில், இங்கே கீட்டா என்று சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். ஒரு வயது முதல் பள்ளிக்குப் போகும் வயது வரையிலான பிள்ளைகள். அதற்கான தொழிற்பயிற்சியை இங்கேயே முடித்து அரசு அங்கீகாரம் பெற்றவள். எனவே ஆறு வயது வரையிலான விஷயங்களைத் தைரியமாகச் சொல்வேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது மாநில விதிகளும், எங்களிடம் வளர்ந்து போன பிள்ளைகளின் பெற்றோர் வந்து சொல்பவையும்தான். விசாவும் சட்டமும் என் துறை இல்லை. அங்கங்கே தொடுகிறேன், முடிவெடுக்கும் முன் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாததிலிருந்து தொடங்கலாம். வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள். இரண்டு மொழி, மூன்று மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகாது, திக்குவாயும் வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறியும் இல்லை. 'மாமா, ஹுண்ட் வருது' என்று உங்கள் மகன் நாயைக் காட்டும் நாள் வரும், அப்போது பதறாதீர்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் தெரிந்தவற்றைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 'வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை தேறும்' என்று சொல்லும் ஆசிரியரோ மருத்துவரோ இங்கே இன்னமும் உண்டு. பழைய அறிவுரை அது, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். உங்களுக்கே சரளமாக வராத மொழியில் நீங்கள் குழந்தையோடு பேசினால், கதை சொல்வதும் செல்லமாகத் திட்டுவதும் காரணம் விளக்குவதும் எல்லாம் சுருங்கிப்போகும். 'கம்', 'சிட்', 'ஈட்' என்ற அளவில் நின்றுவிடும். குழந்தையின் மூளைக்குத் தீனி அந்த நீண்ட பேச்சுதான், அது எந்த மொழியில் இருந்தாலும் சரி.

தமிழ் நிலைக்குமா என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களைப் பார்த்து ஆனிக் டி ஹவ்வர் என்ற மொழியியலாளர் 2007இல் வெளியிட்டது. பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கள் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அந்த மொழியைப் பேசினார்கள். ஒருவர் ஒரு மொழி, மற்றவர் ஊர் மொழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் நாலில் மூன்று பங்கில்தான் அது நடந்தது. 'அப்பா ஜெர்மன், அம்மா தமிழ்' என்ற ஏற்பாட்டை இணையத்தில் பலர் சிபாரிசு செய்கிறார்கள். இருவருமே தமிழர் என்றால் அதற்குத் தேவையே இல்லை. குறிப்பாக, மகள் பள்ளியிலிருந்து வந்து ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கும்போது நீங்களும் ஜெர்மனுக்குத் தாவிவிடாதீர்கள். அவள் எதில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். 'தமிழ்ல சொல்லு, அப்பதான் தருவேன்' என்று மிரட்டவும் வேண்டாம். அதனால் தமிழ் வளர்ந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. சிறு வயதில் மொழி வருகிற வேகத்திலேயே போகவும் செய்யும். மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட கொரியக் குழந்தைகளைப் பெரியவர்களான பிறகு சோதித்தபோது, கொரிய வாக்கியத்தை வேறு அயல்மொழி வாக்கியத்திலிருந்து பிரித்தறியக்கூட முடியவில்லை என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் இருக்கும், அந்த நிலை வராது. ஆனால் 'அஞ்சு வயசு வரைக்கும் நல்லாப் பேசினா, அது எங்க போகும்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பு தினமும் ஐந்து நிமிடம் 'சாப்டியா, தூங்கினியா' என்பதைவிட, வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் பாட்டி ஒரு கதையை முழுதாகச் சொல்வது மேல். ஜெர்மனியின் பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் தொடங்கியவை, ஒழுங்கான பாடநூலும் தேர்வும் உண்டு. சென்னைக் குடும்பங்கள் சில, 'பிள்ளை இலங்கைத் தமிழ் பேசிவிடுவாள்' என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து 'அம்மா, நாங்கள் பிறகு கதைப்பமா' என்று கேட்டால் கேட்கட்டுமே! நல்ல தமிழ்தானே.

கீட்டாவில் உங்கள் மகள் முதல் சில வாரங்கள், சில மாதங்கள்கூட, வாயே திறக்காமல் இருக்கலாம். இது புது மொழிக்குள் நுழையும் பிள்ளைகளிடம் சாதாரணம். அந்தக் காலத்தில் நான் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை, மற்றதைப் பார்ப்பேன். காலை வட்டத்தில் பாட்டுக்கு அசைவைச் சேர்ந்து செய்கிறாளா, யாராவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருகிறாளா, காலணி மாட்டச் சொன்னால் மற்றவர்களைப் பார்த்தாவது மாட்டுகிறாளா. இவை நடந்தால் மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழிலும் பேச்சு குறைந்துகொண்டே போகிறது, அல்லது தமிழிலேயே வயதுக்கேற்ற வாக்கியம் வரவில்லை என்றால்தான் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். மொழிக் கோளாறு என்று ஒன்று இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும், ஜெர்மனில் மட்டும் தெரிவது கோளாறு இல்லை.

பள்ளிக்கு வருவோம். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஜூன் 30க்குள் ஆறு வயது நிறையும் பிள்ளை அந்தச் செப்டம்பரில் பள்ளிக்குப் போயாக வேண்டும். அதற்குப் பிறகு நிறைந்தால் பெற்றோர் விரும்பினால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் இன்னொரு வருடம் கீட்டாவில் இருக்கலாம். மகளின் பிறந்த மாதத்தை நீங்கள் எழுதவில்லை. தேர்வு உங்கள் கையில் இருந்தால், தயவுசெய்து அந்த ஒரு வருடத்தைக் கொடுங்கள். 'யுகேஜி முடித்தவளை மறுபடி விளையாட அனுப்புவதா' என்று உங்கள் மாமியார் கேட்பார். கேட்கட்டும். எழுத்து தெரியாமல் பள்ளிக்குப் போனால் நஷ்டமில்லை, இங்கே ஒன்றாம் வகுப்பில்தான் எழுத்தே தொடங்குகிறது. சக பிள்ளைகள் பேசுவது புரியாமல் போவதுதான் கஷ்டம். ஜெர்மன் தெரியாமல் பள்ளி வயதில் வருகிறவர்களுக்கு இங்கே ஆயத்த வகுப்பு என்று தனியாக உண்டு. நன்றாக நடக்கும் பள்ளிகளும் இருக்கின்றன, ஆசிரியர் இல்லாமல் தடுமாறும் பள்ளிகளும் இருக்கின்றன. எது வாய்க்கும் என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது, ஏனென்றால் தொடக்கப் பள்ளி பொதுவாக வசிக்கும் பகுதிக்குரியதாகத்தான் கிடைக்கும்.

சென்னைப் பெற்றோருக்குக் கீட்டாவின் முதல் மாதம் ஓர் அதிர்ச்சி. வீட்டுப்பாடம் இல்லை, நோட்டு இல்லை, எழுத்து இல்லை. பிள்ளை மாலையில் தலை முதல் கால் வரை சேறோடு வரும். ரப்பர் காலணியும் மழைக் கால்சட்டையும் இங்கே நோட்டுப் புத்தகத்துக்குச் சமம், அவை இல்லாமல் அனுப்பினால் எங்களிடமிருந்து சீட்டு வரும். சுழியம் டிகிரியிலும் வெளியே போவோம். 'சளி பிடிக்கும்' என்று சொன்னால் சக ஊழியர்கள் புரியாமல் பார்ப்பார்கள். நாள் முழுக்க நாங்கள் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். தானாக உடை மாற்றுவது, சண்டையைச் சொற்களால் தீர்ப்பது, வரிசையில் காத்திருப்பது, கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிப்பது, இவைதான் இங்கே பள்ளிக்கான தயாரிப்பு. நம் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் இங்கே பதினெட்டு மாதப் பிள்ளைகள் தாமாகக் கரண்டி பிடிக்கும் மேசையில் உங்கள் மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். கிளம்பும் முன் இதை மட்டும் பழக்கிவிட்டால், ஜெர்மன் சொல் நூறு கற்றுக்கொடுத்ததைவிட அவளுக்கு உதவும்.

ஏற்கனவே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சிறிய இடைஞ்சல் உண்டு. எழுத்து உருவம் அதேதான், ஒலி வேறு. ஜே என்று கற்றது இங்கே யகரமாக ஒலிக்கும். டபிள்யூ வகரமாகும். எண்களில் 21 என்பதை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள், அதனால் சொல்வதைக் கேட்டு எழுதும்போது 12 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, ஜெர்மன் பிள்ளைகளும்தான். சில மாதங்களில் சரியாகிவிடும். இதற்காகத் தனி வகுப்பு எதுவும் வைக்க வேண்டாம்.

மகனின் கதை வேறு, அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். 2013 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பகல்நேரப் பராமரிப்பு இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. உரிமைதான் உண்டு, இடம் இல்லை. எங்கள் துறையில் ஆள் பற்றாக்குறை கடுமையானது, கட்டடம் இருந்தும் குழுக்களை மூடி வைத்திருக்கும் கீட்டாக்கள் இருக்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான இடம் எல்லாவற்றிலும் அரிது. சரி, கிடைத்துவிட்டது என்றே வைப்போம். மறுநாளே விட்டுவிட்டு வர முடியாது. பழக்கப்படுத்தும் காலம் என்று ஒன்று உண்டு. பெர்லின் முறை என்று நாங்கள் பின்பற்றும் வழியில், முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் சில நிமிடங்கள். அந்த நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் செவ்வாய்க்குத் தள்ளுவோம், வார இறுதி கழிந்து வரும் பிள்ளைக்குத் திங்களே ஒரு புதுத் தொடக்கம் என்பதால். மொத்தம் இரண்டு முதல் நான்கு வாரம், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். புது வேலையில் சேர்ந்த கணவருக்கு அவ்வளவு விடுப்பு கிடைக்காது. எனவே உட்காரப்போவது நீங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், சங்கிலி இப்படிப் போகிறது. மகனுக்கு இடம் கிடைக்கும் வரை நீங்கள் மொழி வகுப்புக்குப் போக முடியாது. மொழி இல்லாமல் உங்கள் துறையில் வேலை கிடைப்பது கடினம். வேலை இல்லாதவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று கீட்டா இடப் பட்டியலில் பின்னால் தள்ளப்படுவீர்கள், பல ஊர்களில் இருவரும் வேலை செய்யும் பெற்றோருக்கே முன்னுரிமை. அடுத்தது, பிள்ளை நோய்வாய்ப்படும்போது. முதல் குளிர்காலத்தில் உங்கள் மகன் மாதத்துக்கு ஒரு முறையாவது காய்ச்சலோடு வருவான், அது இயல்பு. அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15 நாள் நோய்ப்பராமரிப்பு ஊதியம் 2024 முதல் உண்டு. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் அது கிடையாது. அந்த வேறு ஆள் நீங்கள்தான். ஆக ஒவ்வொரு காய்ச்சலும் உங்கள் வகுப்பைத்தான் தின்னும். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும், சேர்த்துப் பார்த்தால் படித்து வேலை பார்த்த ஒரு பெண் மூன்றாண்டு கழித்தும் மருந்துக் கடையில் கணவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசச் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப் பலரை எனக்குத் தெரியும்.

இதற்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? என் பார்வையில் இதுதான் எல்லாமே. உங்கள் மகள் ஓரிரு வருடத்தில் ஜெர்மன் பேசிவிடுவாள். விளையாட்டுத் திடல் ஜெர்மன் அவ்வளவு வேகமாக வரும். நீங்கள் பேசாமலிருந்தால் வீட்டில் வெளியுலகம் தெரிந்த ஆள் ஏழு வயதுக் குழந்தையாகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் வாய்மூடி உட்கார, மருத்துவர் சொன்னதை அவள் உங்களுக்கு மொழிபெயர்ப்பாள், பள்ளிக் கடிதத்தை அவள் படித்துச் சொல்வாள், தனக்கு வேண்டாத வரியை விட்டுவிட்டும் சொல்வாள். சிரிப்பாக இருக்கும், பத்து வயதுக்கு மேல் சிரிப்பு நின்றுவிடும். பிள்ளைகளின் நட்பு இங்கே பெற்றோர் வழியாகத்தான் நடக்கிறது. யார் யார் வீட்டுக்கு எந்த மாலை விளையாடப் போகிறார்கள் என்பதைத் தாய்மார்கள் வாரம் முன்னதாகவே பேசி முடிவு செய்கிறார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லாவிட்டால் அழைப்பு வராது. 'நிறவெறி' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவோம். அது உண்மையாக இருக்கும் இடங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பல நேரங்களில் அந்தத் தாய்க்கு உங்களிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாததுதான் காரணம்.

எனவே என் யோசனை, கணவர் முதலில் போய் வீடு பிடித்துப் பதிவு செய்யட்டும். கீட்டாவுக்கான இணைய விண்ணப்பத்தை முகவரி கிடைத்த அன்றே போடட்டும். கீட்டாவோடு நிறுத்தாமல், வீட்டிலேயே அதிகபட்சம் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற பராமரிப்பாளர்களையும் கேட்கட்டும். சின்னப் பிள்ளைக்கு அது பல சமயம் கீட்டாவைவிட இதமானது. அந்தச் சில மாதங்களில் நீங்கள் சென்னையில் கோதே நிறுவனத்திலோ வேறெங்கோ ஜெர்மன் படியுங்கள். நீல அட்டைக்காரரின் மனைவிக்கு விசாவுக்காக மொழிச் சான்று கேட்கமாட்டார்கள், வந்த நாளிலிருந்து வேலை செய்யவும் அனுமதி உண்டு. இது பெரிய சலுகை. இந்தச் சலுகையாலேயே ஒரு சொல்லும் தெரியாமல் வந்திறங்குகிறவர்கள் அதிகம். அங்கே பாட்டி தாத்தா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாலை நேரம் உங்களுக்குக் கிடைக்கும், இங்கே அது கிடைக்காது. வங்கி வேலையை ராஜினாமா செய்வதற்குப் பதில் நீண்ட விடுப்பு வாங்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். கணவரோடு உட்கார்ந்து, மாலை ஐந்தரைக்குப் பிறகு வீடு அவர் பொறுப்பு, உங்களுக்கு வகுப்பு என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்ட விஷயம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளும் அரசாங்கம் பற்றி. இங்கே இளைஞர் நல அலுவலகம் என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பெரிய நகரத்துக்கும் உண்டு, ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் அதற்கு உண்டு. பெற்றோர் எதிர்த்தால் குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். செய்திகளில் வந்த இந்தியக் குடும்பங்களின் வழக்குகளைப் பற்றி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை. கீட்டாவின் பக்கத்திலிருந்து சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மன் குடிமையியல் சட்டம் குழந்தைக்கு வன்முறையற்ற வளர்ப்பை உரிமையாக்கியிருக்கிறது. 'லேசா ஒரு தட்டு' என்பதும் அதில் அடக்கம். குழந்தை எங்களிடம் வந்து 'அம்மா அடிச்சாங்க' என்று சொன்னாலோ, காயம் இருந்தாலோ, நாங்கள் அதைக் கவனிக்காதது போல இருக்கச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் உடனே யாரும் வண்டி எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. முதலில் எங்களுக்குள் பேசுவோம், அனுபவமுள்ள ஆலோசகரைக் கேட்போம், பிறகு உங்களை அழைத்துப் பேசுவோம். பெரும்பாலும் அந்தப் பேச்சோடும், சில சமயம் ஒரு குடும்ப ஆலோசனையோடும் முடிகிறது. அதே அலுவலகம்தான் கீட்டா இடத்துக்கும், கட்டண உதவிக்கும், பிள்ளை வளர்ப்பில் சிக்கல் வந்தால் வழிகாட்டலுக்கும் பொறுப்பு. பெயரைக் கேட்டாலே ஓடத் தேவையில்லை. கை ஓங்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதோடு தொடர்புடைய ஒரு விஷயம் நம்மவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும், யாரும் சொல்வதில்லை. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே முதுகின் கீழ்ப்பகுதியிலோ பிட்டத்திலோ நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். சில ஆண்டுகளில் தானாக மறைந்துவிடும், எந்தத் தீங்கும் இல்லை. வெள்ளைத் தோல் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது அடிபட்ட கன்றல் போலத் தெரியும். உங்கள் மகனுக்கு அப்படி இருந்தால், முதல் முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போதே காட்டி, குழந்தையின் மஞ்சள் நிறப் பரிசோதனைப் புத்தகத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கீட்டாவில் சேர்க்கும் அன்றும் சொல்லிவிடுங்கள். அரைஞாண் கயிறு, கண் மை, மொட்டை எல்லாவற்றையும் ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும், அடுத்த நாள் யாரும் கேட்கமாட்டார்கள்.

நான்கு ஆண்டில் திரும்புவது பற்றி எனக்கு உறுதி குறைவு, எனவே காரணங்களை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. மகன் அப்போது ஐந்து வயது தாண்டியவன், அவனுக்குப் பெரிய சிக்கல் இராது. மகளுக்கு ஒன்பது தாண்டியிருக்கும். தொடக்கப் பள்ளி இங்கே நான்காம் வகுப்போடு முடிகிறது, அதன் பிறகு பிள்ளைகளை மூன்று நான்கு வகைப் பள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். எனவே அந்த வயது திரும்புவதற்கு இயற்கையான இடம். அதைத் தாண்டிப் பதிமூன்று பதினாலு வயதில் திரும்பிய குடும்பங்கள் சொல்வதெல்லாம் கஷ்டக் கதைகள்தான், ஆனால் கஷ்டப்படாதவர்கள் என்னிடம் வந்து பேசியிருக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் காட்டியதுபோல, அன்றாடப் பேச்சுக்கு இரண்டு ஆண்டு போதும், பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நான்கு ஆண்டு என்பது ஜெர்மனில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறங்குவது.

பலரும் கவனிக்காமல் விடுவது ஆங்கிலம். இந்த மாநிலத்துத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, அதுவும் பாட்டும் விளையாட்டுமாக. 'வெளிநாட்டில் படித்த பிள்ளை' சென்னையில் ஐந்தாம் வகுப்பு ஆங்கில வழிப் பள்ளிக்கு வரும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட ஆங்கிலம் குறைவாக இருக்கும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழும் பாடமாக வரும், பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். திரும்புவது உறுதி என்றால், தமிழ் எழுத்தை ஏழு வயதுக்கு மேலும், ஆங்கில வாசிப்பை எட்டு வயதுக்கு மேலும் வீட்டில் மெல்லத் தொடங்குங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் திணிக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் அயலகப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டவை. சர்வதேசப் பள்ளியில் சேர்த்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கட்டணத்தை நிறுவனம் கட்டாவிட்டால் ஒருவர் சம்பளத்தில் யோசிக்க முடியாது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேரும் வாய்ப்பும் போய்விடும்.

'நான்கு ஆண்டு' என்று வந்தவர்களில் பலர் நீட்டிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீல அட்டைக்காரர் அடிப்படை ஜெர்மனோடு 27 மாதத்திலும், நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அது கைக்கு வந்ததும் திரும்பும் பேச்சு தளர்ந்துவிடும். ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளுவதில் பிள்ளைக்குத்தான் இடைஞ்சல், எந்த நட்பையும் முழுதாகப் பிடித்துக்கொள்ளாது. மகள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் கோடைக்குள் ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுங்கள்.

கடைசியாக, தேதி தவறினால் சிரமப்படும் சில விஷயங்கள். மகளுக்கு 60 முதல் 64 மாதத்துக்குள் செய்யும் ஒன்பதாம் பரிசோதனையின் காலம் முடியப்போகிறது, இறங்கியதும் குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். புது நோயாளிகளை எடுக்காத மருத்துவர்கள் அதிகம், பத்துப் பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்க முடியாது. ஒரு வயதுக்கு மேல் ஒரு தவணையும் இரண்டு வயதுக்கு மேல் இரண்டும் வேண்டும், எனவே இருவரின் தடுப்பூசி அட்டையிலும் ஊசியின் பெயரும் தேதியும் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக அரசு தரும் குழந்தைப் படி 2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் ஆறு மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். மகள் பள்ளியில் சேர்ந்த பிறகு, விமானச் சீட்டு மலிவு என்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பாதீர்கள். இங்கே பள்ளி வருகை சட்டக் கடமை, அபராதம் உண்டு, பவேரியாவில் விமான நிலையத்திலேயே காவலர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சைவமாக இருந்தால், பிறந்தநாள் விழாக்களில் கையில் திணிக்கும் கரடி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். வேண்டாம் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், எங்களிடம் மாற்று இருக்கும். மகளின் பிறந்த மாதத்தையும் ஸ்டுட்கார்ட்டில் எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதினால், பள்ளி விஷயத்தில் இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.